போரில் போகாத கால்

என்னைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் என் வலது காலைப் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரம் வேறு ஏதாவது பேசிவிட்டு, "மலாயாவுலயா போச்சு?" என்று கேட்கிறார்கள். நான் தலையசைத்தால் அவர்களுக்குத் திருப்தி. பட்டாளத்தில் போன கால் என்றால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் உண்மை அதுவல்ல. மலாயாவிலிருந்து நான் இரண்டு கால்களோடுதான் திரும்பினேன். வலது கால் போனது எங்கள் பிஜித் தீவிலேயே, ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில். அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கிருந்தவர்கள் நல்லவர்கள். நடந்தது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடக்கவில்லை. இப்போது உடம்பு தேறிவிட்டதால் நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பெயர் முனுசாமி. புலிலேகாவில் எங்களுக்குக் கரும்பு நிலம். அப்பா ஒப்பந்தக் கூலியாக வந்து, ஒப்பந்தம் தீர்ந்ததும் நிலம் குத்தகைக்கு எடுத்து அங்கேயே தங்கிவிட்டார். நான் தமிழர் சங்கம் நடத்திய சங்கப் பள்ளிக்கூடத்தில் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் படித்து, கரும்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். பிஜிப் படை மலாயாவுக்குப் போனபோது லாரி ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள். பெயர் கொடுத்தேன். படையில் எங்கள் ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். மற்ற எல்லோரும் தீவின் பூர்வகுடிகளான பிஜியர். முதல் மாதம் அவர்கள் பேசுவது எதுவும் எனக்குப் புரியவில்லை. ஆறாவது மாதம் அவர்கள் மொழியிலேயே அவர்களைக் கேலி செய்யும் அளவுக்கு வந்துவிட்டேன்.

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வளைவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் என் லாரியைச் சுட்டார்கள். ஒரு குண்டு கதவைத் துளைத்து வந்து என் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பை உடைத்தது. பக்கத்து இருக்கையில் இருந்த செமி என்ற பிஜிய நண்பன் என்னை இழுத்துப் பள்ளத்தில் போட்டு, தன் பெல்ட்டைக் கழற்றிக் காலை இறுக்கிக் கட்டினான். அவன் இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை.

என்னைக் கொண்டுபோன மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் ஒரு தமிழர். டிரஸ்ஸர் என்று அவரை அழைப்பார்கள். கட்டுப் போடும்போது நான் வலி தாங்காமல் "ஐயோ அம்மா" என்று சொல்ல, அவர் கையை நிறுத்திவிட்டு என் சீருடையைப் பார்த்தார்.

"தமிழா? எந்த எஸ்டேட்டு?"

"பிஜி."

"பிஜின்னா எந்தப் பக்கம்? மூவார் பக்கமா?"

அது கடலுக்கு அப்பால் ஒரு தேசம், அங்கேயும் தமிழர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னதை அவர் நம்பவே இரண்டு நாளானது. பிறகு தினமும் காலையில் வந்து கட்டிலருகே நிற்பார். "வலி எப்படி இருக்கு? குத்துதா, இழுக்குதா, எரியுதா, கடுக்குதா?" என்று கேட்பார். யோசித்துச் சொல்வேன். நான் சொன்னதைத் தமிழ் தெரியாத டாக்டரிடம் போய் விளக்குவார். கடுக்கிறது என்று நான் சொன்ன ஒரு நாள், டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து உள்ளே சீழ் கட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். வலியைச் சொந்த பாஷையில் சொல்ல முடிவது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. எல்லா மருத்துவமனையும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியபோது கால் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வருஷம் கழித்து, குண்டு பட்ட இடத்தில் தோல் சிவந்து, சின்னதாக ஓர் ஓட்டை விழுந்தது. அதிலிருந்து சீழ் வரும். பத்து நாள் வரும், பத்து நாள் நிற்கும். நின்றால் ஜுரம் அடிக்கும். லாரி ஓட்ட முடியவில்லை. என் மனைவி அஞ்சலை தினமும் துணியைக் கொதிக்க வைத்து, காய வைத்து, சுற்றிக் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் வயலுக்குப் போவாள். இப்படி இரண்டு வருஷம் ஓடியது.

கடைசியில் ஜுரம் இறங்காமல் போகவே, ஒரு கரும்பு லாரியில் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். பெரிய டாக்டர் நியூசிலாந்துக்காரர், நெட்டையாக இருப்பார், மெதுவாகப் பேசுவார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்புக்குள் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெள்ளையாகத் தனியே தெரிந்தது. அது செத்த எலும்பு என்றார். அதற்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. ஆகவே கிருமி அதற்குள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, எப்போது வேண்டுமானாலும் வெளியே வரும். அறுத்து அந்தத் துண்டை எடுத்துவிட்டு, பெனிசிலின் ஊசி பல வாரம் போட வேண்டும். துண்டை எடுத்த இடத்தில் எலும்பு மெலிந்து போயிருக்கும். ஆறுகிற வரையில் காலை ஊன்றவே கூடாது.

"ஊன்றினால்?" என்று கேட்டேன்.

"உடையும்," என்றார்.

அறுவை நல்லபடியாக நடந்தது. கால் முழுக்க மாவுக்கட்டுப் போட்டு, கட்டிலில் கிடத்தினார்கள். வார்டில் பதினாறு கட்டில். காலையில் கஞ்சி, பத்து மணிக்கு டாக்டர், மத்தியானம் பார்வையாளர்கள். அஞ்சலை வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்து வருவாள். கீரையும் சோறும் கொண்டுவருவாள். அவள் வரும் நாளில் எனக்கு ஜுரம்கூட மரியாதையாகக் குறைந்துவிடும்.

படுத்துக்கொண்டே இருந்ததில் என் கண்ணில் ஒன்று பட்டது. டாக்டர் பேசுவது இங்கிலீஷ். வார்டின் தலைமை நர்ஸ் சிஸ்டர் மேரே பிஜியப் பெண்மணி, அவருக்குத் தன் மொழியும் இங்கிலீஷும் தெரியும். வார்டில் வேலை செய்யும் ஆட்களுக்கு இந்துஸ்தானி தெரியும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் இப்போது அதைத்தான் பேசுகிறார்கள். என் பிள்ளைகளே அப்படித்தான். ஆனால் வயதான தமிழாட்கள் சிலர் இருந்தார்கள். சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு அவர்களுக்கு இந்துஸ்தானி வரும். உடம்புக்குள் நடப்பதைச் சொல்ல வராது. டாக்டர் கேட்டால் எல்லாவற்றுக்கும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டுவார்கள். நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக்கொண்டு போவார்.

என் கட்டிலுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். சிஸ்டர் மேரேயிடம் அவர் மொழியில் பேசியபோது அவருக்கு ஒரே ஆச்சரியம். "இதை எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டார். பட்டாளத்தில் என்றேன். "தெரிகிறது. நீ சொன்னதில் பாதி, பெண்கள் முன்னால் பேசக்கூடாத வார்த்தை," என்றார். அன்று முதல் என் பேச்சைத் திருத்தும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

எட்டாவது நாள் எதிர் வரிசையில், நாலு கட்டில் தள்ளி, புலிலேகாவிலிருந்தே ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். கோவிந்தன். ஐம்பது வயது இருக்கும். கரும்பு வெட்டும்போது கத்தி காலில் பட்டு, காயம் புரையோடி வீங்கியிருந்தது. தூரத்திலிருந்து கையைத் தூக்கினேன். அவரும் தூக்கினார்.

அப்போது காலை பதினொரு மணி இருக்கும், டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஓர் இளம் நர்ஸ், எனக்குப் போடும் அதே பெனிசிலின் ஊசியோடு அவரிடம் போனாள். அவர் பின்னால் நகர்ந்தார். "வாணாம்மா, அந்த ஊசி வாணாம்," என்றார். அவள் சிரித்துக்கொண்டே, பயப்படாதே என்பது போலத் தோளைத் தட்டினாள். அவர் மறுபடி, "அது நமக்கு ஆவாது. போன வருசம் போட்டப்ப ஒடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு அடைச்சுப் போச்சு," என்றார். நர்ஸுக்கு அது விளங்கவில்லை. வார்டு ஆள் ஒருவரைக் கூப்பிட்டாள். அவருக்கும் தமிழ் தெரியாது. ஊசிக்குப் பயப்படுகிற ஆள் என்று நினைத்து, அன்பாகத்தான், கோவிந்தனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பட்டாளத்தில் ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெனிசிலின் சிலருக்கு ஆகாது. ஒரு தடவை தடிப்பும் மூச்சடைப்பும் வந்தவருக்கு மறுபடி போட்டால், சில நிமிஷத்தில் உயிரே போய்விடலாம். நான் கத்தினேன். எந்த மொழியில் கத்துவது என்று யோசிக்கவில்லை. பட்டாளத்தில் கத்திப் பழகிய மொழிதான் வாயில் வந்தது. "வாவா, வாவா," என்று கத்தினேன். பிஜி மொழியில் அதற்குப் பொறு என்று அர்த்தம். வார்டில் அப்போது ஒரு டிராலி சத்தம். யாரும் திரும்பவில்லை. ஊசி அவர் கையருகே போய்விட்டது.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. இரண்டு எட்டு வைத்தேன். மூன்றாவது எட்டில் மாவுக்கட்டுக்குள் ஏதோ விறகு ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டது. விழுந்தேன். விழுந்தபடி, "வாவா, அவருக்கு அந்த மருந்து ஆகாது," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இந்தமுறை எல்லோரும் திரும்பினார்கள். சிஸ்டர் மேரே ஓடிவந்து நர்ஸின் கையிலிருந்து ஊசியை வாங்கினார்.

கோவிந்தனுக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். அவர் காயம் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. என் எலும்பு மெலிந்த இடத்தில் இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் அடங்கியிருந்த கிருமி மறுபடி பெருகியது. ஐந்தாம் நாள் ஜுரம் நூற்று நாலுக்குப் போனது.

டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து பேசினார். வழக்கமாக அவர் நின்றுகொண்டுதான் பேசுவார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். எடுக்காமல் முயன்று பார்க்கலாம், ஆனால் விஷம் ரத்தத்தில் கலந்தால் என் உயிருக்குத் தான் உத்தரவாதம் தர முடியாது என்றார். நாளை வரை யோசிக்கச் சொன்னார்.

நான் பயந்தேன். மலாயாவில் குண்டு பட்டபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. அங்கே யோசிக்க நேரம் இருக்கவில்லை. இங்கே ஒரு முழு நாள் இருந்தது. கோவிந்தன்மேல் கோபமும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். அவர் நொண்டிக்கொண்டே என்னிடம் வந்து கால்மாட்டில் நின்றார். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மத்தியானம் அஞ்சலை வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, என் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருசமா நம்ம வூட்ல மூணு புள்ளைங்க," என்றாள். "ரெண்டு நான் பெத்தது. ஒண்ணு இந்தக் காலு. இதுக்குத் துணி தொவைச்சேன், சீழ் தொடைச்சேன். இது தூங்கிச்சான்னு பாத்துட்டுதான் நாம தூங்கினோம். போதும். நீங்க இருங்க. அது போவட்டும்."

"காலில்லாதவனை வச்சுகினு இன்னா பண்ணுவே?"

"காலு இருக்கறப்ப இன்னா பண்ணேனோ அதான்."

அதற்குமேல் யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டேன். மூக்கில் வலைத்துணி வைத்து மயக்க மருந்தைச் சொட்டவிட்டார்கள். சிஸ்டர் மேரே என் கையைப் பிடித்துக்கொண்டு, பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். நான் பிஜி மொழியில் ஏழு வரைக்கும் வந்ததாக நினைவு.

கண் விழித்தபோது ஜுரம் இல்லை. உடம்பு லேசாக இருந்தது. வலி இருந்தது, ஆனால் அது சுத்தமான வலி. வெட்டுக் காயத்து வலி. நாளுக்கு நாள் குறையும் என்று தெரிந்த வலி. ஒன்று மட்டும் விசித்திரம். இல்லாத பாதத்தில் அரிப்பு எடுக்கும். நரம்புகளுக்குக் கால் போன விஷயம் தெரியவில்லை, பழைய செய்தியையே மூளைக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன என்று டாக்டர் விளக்கினார். அஞ்சலையிடம் சொன்னபோது, "எந்த எடம்?" என்று கேட்டாள். பெருவிரல் பக்கம் என்றேன். சிரிக்காமல், மெத்தையில் பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தைச் சொறிந்துவிட்டாள். அரிப்பு நின்றது. ஏன் நின்றது என்று டாக்டரும் சொல்லவில்லை.

நான் படுத்திருந்தபோதே ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. மாவட்ட அதிகாரிக்கு யோசனை சொல்ல எங்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆளை ஆலோசனைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். இத்தனை நாள் ஒரு கடைக்காரர்தான் போய்க்கொண்டிருந்தார். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார், நல்ல மனிதர். இந்தமுறை கோவிந்தன் எழுந்து என் பெயரைச் சொல்லியிருக்கிறார். சங்கப் பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் நடந்ததை மறுநாள் அஞ்சலை எனக்குச் சொன்னாள். அவளும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம்.

"கடைக்காரரு ஆளுங்கள்ள ஒருத்தரு எழுந்து, கால் இல்லாத ஆளு கமிட்டிக்கு எப்டி வருவாருன்னு கேட்டாரு. நான் கேட்டேன், கமிட்டியில எல்லாரும் ஒக்காந்துதானே பேசறாங்கன்னு."

"நீயா கேட்டே?"

"வேற யாரு? எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்புறம் கை தூக்கச் சொன்னாங்க, ஒங்களுக்குத்தான் அதிகம்."

பள்ளிக்கூட விழாவில்கூட வாய் திறக்காதவள் அவள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் உள்ளே ஒரு முள்ளும் இருந்தது. அன்று கோவிந்தன் வந்தபோது, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, பாவம்னு பேரு குடுத்தீங்களா? அப்டின்னா எனக்கு வாணாம்."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காலப் பாத்துக் குடுக்கல தம்பி. வாயப் பாத்துக் குடுத்தோம். டாக்டருகிட்ட ஒரு பேச்சு, சிஸ்டருகிட்ட ஒரு பேச்சு, நம்மகிட்ட ஒரு பேச்சு. எல்லார் பேச்சும் தெரிஞ்ச ஆளு நம்ம பக்கம் ஒருத்தன்தான்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அன்னிக்கு நீ வா வான்னு கத்தினப்ப, ஊசியத்தான் கூப்புடறேன்னு நெனச்சுட்டேன்," என்றார்.

தையல் பிரிக்காத நிலையில் சிரிக்கக்கூடாது என்று சிஸ்டர் மேரே வந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டினார். அவர் திட்டியதைக் கோவிந்தனுக்கு நான்தான் தமிழில் சொன்னேன்.

கட்டைக் கால் வந்துசேர நாலு மாதம் ஆனது. அதற்குள் ஊன்றுகோல்களோடு முதல் கூட்டத்துக்குப் போய்விட்டேன். ஊரார் என்னிடம் சொல்லி அனுப்பியது சாலை. மழை வந்தால் எங்கள் சாலை சேறாகிவிடும். சாலையைக் கேட்டேன். கூடவே, மருத்துவமனையில் தமிழ் தெரிந்த ஆள் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் கேட்டேன். மாவட்ட அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். இந்தியர்கள் எல்லோருக்கும் இந்துஸ்தானி தெரியுமே என்றார். கோவிந்தனுக்கு நடக்கவிருந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், எழுதிக்கொள்ளவில்லை.

இரண்டாவது கூட்டத்திலும் கேட்டேன். மூன்றாவதிலும் கேட்டேன். ஊரில் சிலருக்கு எரிச்சல். "ரெண்டக் கேட்டா ரெண்டும் கெடைக்காது, ரோட்ட மட்டும் கேளு," என்றார்கள். கோவிந்தனே அப்படித்தான் சொன்னார். நான் விடவில்லை. பெரிய டாக்டரிடம் போனேன். அவர் ஒரு கடிதம் எழுதித் தந்தார். சிஸ்டர் மேரே தன் வார்டில் பேச்சு புரியாமல் தடுமாறிய சம்பவங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். என் சம்பவத்தை அவர் மூன்றாவதாகத்தான் எழுதியிருந்தார். முதல் இரண்டைப் படித்தபோது, என் கால் போனது பெரிய விஷயமில்லை என்று தோன்றியது. அந்தத் தாள்களை அதிகாரி முன் வைத்தேன். இந்தமுறை எழுதிக்கொண்டார்.

சாலைக்குச் சரளை முதலில் வந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, வெளிநோயாளிகள் பகுதியில் தமிழ் தெரிந்த ஆளுக்கென்று ஒரு மேஜை போட்டார்கள்.

போன மாதம் கட்டைக் கால் உரசி, வெட்டிய இடத்தில் தோல் புண்ணாகிவிட்டது. டாக்டரிடம் காட்டப் போனேன். டாக்டர் அறைக்குப் போகும் வழி எனக்குத் தெரியும். நேரே போனால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த மேஜையைப் பார்த்ததும் போய் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு முன்னால் ஏழு பேர். ஒரு கிழவர் தன் மூட்டு வலியைச் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேஜைக்குப் பின்னால் லம்பாசா டவுன் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண் ஒருத்தி, கதீஜா என்று பெயர், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றார்கள். என்னை அவளுக்குத் தெரியாது.

என் முறை வந்தது.

"ஒக்காருங்கண்ணே. பேரு?"

சொன்னேன்.

"ஒடம்புக்கு இன்னா?"

டாக்டரிடம் இங்கிலீஷில் சொல்லலாம். சிஸ்டர் மேரே உள்ளேதான் இருந்தார், அவரிடம் அவர் மொழியில் சொல்லலாம். நான் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நன்றாக உட்கார்ந்துகொண்டேன்.

"காலைல எழுந்தா எரியுதும்மா," என்றேன். "மத்தியானத்துக்கு மேல கடுக்குது. நடந்தா இழுக்குது, ஒக்காந்தா கொறையுது. நேத்துலேருந்து ஓரத்துல லேசா குத்தலும் இருக்கு."

அவள் எழுதிக்கொண்டே கையைத் தூக்கினாள்.

"மெதுவா சொல்லுங்கண்ணே. ஒவ்வொண்ணா எழுதணும்."